இரவல் காற்றில் நெடும்பயணம்

திருப்பூரின் அனுப்பர்பாளையத்து வானில் விடியற்காலையில் பறப்பவை காகமும் மைனாவும் கொக்கும்தான். பருந்துகள் அந்நேரத்தில் செல்போன் கோபுரத்திலோ தென்னையின் உச்சியிலோ சும்மா உட்கார்ந்திருக்கும். பாத்திரப் பட்டறைகளில் தட்டும் ஓசை எழுந்து, பனியன் கம்பெனி வேன்கள் ஆள் ஏற்றிக்கொண்டு போய், வெயில் உறைக்கத் தொடங்கிய பிறகுதான் அவை கிளம்புகின்றன. நஞ்சராயன் குளத்துக் கூழைக்கடாக்கள் கூட்டமாக வட்டமிட்டு மேலேறுவதும் வெயில் ஏறிய பின்னரே. பெரிய பறவை சோம்பேறி என்று இதைப் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது. அது தரை சூடாகட்டும் என்று காத்திருக்கிறது. நூறு, இருநூறு கிலோமீட்டரை ஒரே பகலில் கடக்கும் இந்தப் பறவைகளுக்கு அவ்வளவு தூரம் போகும் வலிமை இறக்கையில் கிடையாது. பயணச் செலவில் பெரும்பகுதியைச் சூரியனும் தரையும் ஏற்றுக்கொள்கின்றன. இதை ஒப்புக்கொண்டால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்: இந்தப் பறவைகளைக் காப்பாற்றக் குளத்தையும் கூட்டையும் காத்தால் மட்டும் போதாது.

முதலில் வலிமைக் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரே உடலமைப்புள்ள பறவை எடையில் இரண்டு மடங்கு பெருத்தால், சிறகடித்துப் பறக்க அதற்குத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய இரண்டே கால் மடங்காகிறது. ஆனால் அதன் மார்புத் தசை தரக்கூடிய திறனோ சுமார் 1.6 மடங்குதான் கூடுகிறது. செலவு வேகமாக ஏற, வரவு மெதுவாக ஏறும் கணக்கு இது. எங்கோ ஓர் இடத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவை 15 கிலோவுக்குச் சற்று முன்பின் நின்றுவிடுவதற்கு இதுவே முதன்மையான காரணம் என்று கருதப்படுகிறது. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அர்ஜென்டினாவில் வாழ்ந்த அர்ஜென்டாவிஸ் என்ற பறவை, 7 மீட்டர் இறக்கை விரிப்பும் 70 கிலோ எடையும் கொண்டிருந்ததாக மதிப்பிடப்படுகிறது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தொல்லுயிரியலர் சங்கர் சாட்டர்ஜியும் அவருடைய குழுவினரும் 2007-இல் அதன் பறப்பைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். சமதரையில் நின்று சிறகடித்து எழ அதனால் முடிந்திருக்காது, சரிவிலிருந்து இறங்கி மேலெழும் காற்றைப் பிடித்துவிட்டால் நாள் முழுக்க மிதந்திருக்க முடியும் என்பது அவர்கள் கண்ட விடை. ஆகவே மிதந்து பறத்தல் என்பது வலிமையுள்ளவன் காட்டும் சொகுசு என்று நினைக்க இடமில்லை. எடை கூடிய பறவைக்கு அதுதான் பிழைப்பு.

அந்த மேலெழும் காற்று எப்படிப் பிறக்கிறது? அனுப்பர்பாளையத்தில் அடித்த பித்தளை அண்டா ஒன்றில் தண்ணீர் நிரப்பி அடுப்பேற்றினால், அடித்தகட்டை ஒட்டிய நீர் முதலில் சூடாகி, லேசாகி, திரண்டு மேலே கிளம்பும். அதன் இடத்தை நிரப்பப் பக்கத்துக் குளிர்ந்த நீர் கீழே இறங்கும். வானத்திலும் இதேதான் நடக்கிறது, அடுப்பு மட்டும் தரை. வெயில் காற்றை நேரடியாக அவ்வளவாகச் சூடாக்குவதில்லை. தரையைச் சூடாக்குகிறது, தரை தன்மேல் கிடக்கும் காற்றைச் சூடாக்குகிறது. எல்லாத் தரையும் ஒன்றுபோல் சூடாவதுமில்லை. தரிசாகக் கிடக்கும் செம்மண் காடு, தார்ச்சாலை, பனியன் கம்பெனிகளின் தகரக் கூரை ஆகியவை சீக்கிரம் காய்கின்றன. குளமும் தோப்பும் வயலும் நேரம் எடுத்துக்கொள்கின்றன. நஞ்சராயன் குளத்து நீர்ப்பரப்பின் மேல் எழுகாற்று அநேகமாக இராது. கரையைத் தாண்டிய காய்ந்த நிலத்தின் மேல் இருக்கும். அதனால்தான் குளத்தில் இரை தேடும் பறவை, தொலைவுக்குப் போக வேண்டுமானால் குளத்தை விட்டு வெளியே வந்து வட்டமிடுகிறது. எழுகாற்று விநாடிக்கு 2, 3 மீட்டர் வேகத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கையை விரித்துப் பிடித்த பாறு (பிணந்தின்னிக் கழுகு) விநாடிக்குச் சுமார் 1 மீட்டர் வேகத்தில் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அது இறங்கும் காற்றே அதைவிட வேகமாக ஏறுவதால், மொத்தத்தில் பறவை மேலே போகிறது. வட்டமிடுவது எதற்கு என்றால் அந்த ஒடுங்கிய எழுகாற்றுத் தூணைவிட்டு வெளியே வந்துவிடாமல் இருக்கத்தான்.

மேலே போனபின் மிச்சம் எளிது. பாறு போன்ற பறவை அசையாத காற்றில் 1 மீட்டர் இறங்கும்போது சுமார் 15 மீட்டர் முன்னேறுகிறது. தரையிலிருந்து 1,000 மீட்டர் உயரம் ஏறிவிட்டால், ஒரு சிறகடிப்பும் இல்லாமல் 15 கிலோமீட்டர் சறுக்கிப் போகலாம். திருப்பூரிலிருந்து கோவை சுமார் 50 கிலோமீட்டர். நான்கு தூண்கள் கிடைத்தால் போதும், ஊர் வந்துவிடும். ஏட்டுக்கணக்கு இது. எழுகாற்றுக்குப் பக்கத்திலேயே இறங்குகாற்றும் இருக்கும், தரையைத் தொடும்வரை எந்தப் பறவையும் சறுக்குவதில்லை, எதிர்க்காற்று தூரத்தைக் குறைக்கும். இவற்றையெல்லாம் கழித்து ஏழெட்டுத் தூண் என்று வைத்துக்கொண்டாலும், பயணத்தின் எரிபொருளில் பறவையின் உடல் கொடுத்த பங்கு மிகச் சிறியதே.

இந்த விஷயத்தை உலகுக்கு விளக்கியதில் இந்திய வானத்துக்குப் பெரிய பங்கு உண்டு; நம் பாடப்புத்தகங்கள் அதைச் சொல்வதில்லை என்பது ஒரு குறை. ஆக்ராவில் அரசு வேதியியல் பரிசோதகராக இருந்த எர்னஸ்ட் ஹாங்கின், கங்கை நீர் காலராக் கிருமியைக் கொல்கிறது என்று 1896-இல் எழுதியவர். அதே மனிதர் ஆண்டுக்கணக்கில் வானத்தை அண்ணாந்து பார்த்து, பருந்தும் பாறும் எந்த நேரத்தில் சிறகடிப்பதை நிறுத்தி மிதக்கத் தொடங்குகின்றன என்று குறித்துக்கொண்டே வந்தார். 1913-இல் வெளியான அவருடைய நூல் அந்தக் குறிப்புகளின் தொகுப்பு. காலையில் முதலில் பருந்துகள் மிதக்கின்றன. அவற்றைவிடக் கனமான பாறுகள் பிறகே எழுகின்றன என்ற வரிசையை அவர் பிடித்துவிட்டார். வெயில் ஏற ஏற எழுகாற்றின் வலு கூடுகிறது, லேசான பறவைக்கு முன்னதாகவே போதுமானதாகிறது, கனமானதற்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பருந்து முந்துவதற்கும் கூழைக்கடா பிந்துவதற்கும் இதே விளக்கம் பொருந்துகிறது. இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கரும் இதில் இறங்கினார். 1913-இல் இராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் உதவித்தொகை தரப் பரிந்துரைத்த அதே வாக்கர்தான். வெப்ப நாட்டுப் பறவைகள் சிறகடிக்காமல் பறப்பதை வானிலையியலின் வழியே விளக்கி 1923-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பருவமழையின் புதிரை அவிழ்க்க வந்தவர் பருந்தை விட்டுவைக்கவில்லை. இரண்டும் காற்றைப் பற்றிய கேள்விகளே என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தரையில் நின்று பார்த்தவர்கள் ஊகித்ததைப் பிற்காலத்தவர் பறவையோடு பறந்தே சரிபார்த்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் காலின் பென்னிகுயிக் என்ற ஆங்கிலேய விலங்கியலர் எஞ்சின் பொருத்திய சறுக்கு விமானம் ஒன்றில் கிழக்கு ஆப்பிரிக்கப் பாறுகளுக்குப் பக்கத்திலேயே பறந்து அவற்றின் ஏற்றத்தையும் சறுக்கலையும் பதிவு செய்தார். பின்னர் கருவிகள் சிறுத்து, பறவையின் முதுகிலேயே ஏறிக்கொண்டன. தென் அமெரிக்காவின் காண்டோர் கழுகு 15 கிலோ வரை எடையுள்ளது. இன்றைய மிதக்கும் பறவைகளில் அதுவே மிகக் கனமானது. எட்டுக் காண்டோர்களின் உடலில் கருவி பொருத்தி 216 மணிநேரப் பறப்பைப் பதிவு செய்த ஆய்வு 2020-இல் வெளியானது. பறந்த நேரத்தில் நூற்றுக்கு 1.3 பங்குதான் அவை சிறகடித்தன. அதிலும் முக்கால் பங்குக்கு மேல் தரையிலிருந்து கிளம்பும் வேளையில். ஒரு பறவை ஐந்து மணிநேரத்துக்கும் மேலாக ஒரு முறைகூடச் சிறகடிக்காமல் 172 கிலோமீட்டர் போயிருந்தது. இறக்கையை விரித்தபடியே வைத்திருப்பதும் ஒரு வேலைதானே, அதற்குச் செலவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரான்ஸில் பழக்கப்பட்ட பாறுகளின் இதயத்துடிப்பை அளந்தவர்கள் இதற்கு விடை வைத்திருக்கிறார்கள். கிளம்பும்போது துடிப்பு மூன்று மடங்காகிறது; பத்து நிமிடம் மிதந்தபின் அது சும்மா உட்கார்ந்திருக்கும்போது இருந்த அளவுக்கே திரும்பிவிடுகிறது.

உடலும் இதற்கேற்பவே அமைந்திருக்கிறது. குளத்து மேட்டிலிருந்து மஞ்சள்மூக்கு நாரை வட்டமிடுவதைத் தொலைநோக்கியில் பார்ப்பவர்கள் இறக்கையின் நுனியைக் கவனிக்க வேண்டும். அங்கே இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், விரித்த கைவிரல்போல் தனித்தனியாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மேல்நோக்கிச் சற்றே வளைந்திருக்கும். இறக்கை நுனியில் காற்று சுழன்று பறவையைப் பின்னுக்கு இழுப்பதை இந்தப் பிளவுகள் குறைக்கின்றன. நீளமான இறக்கை இருந்தாலும் அந்த இழுவை குறையும். ஆனால் அது மரத்தில் கூடு கட்டுகிற, தரையிலிருந்து கிளம்புகிற, ஒடுங்கிய தூணுக்குள் சிறிய வட்டம் போடுகிற பறவைக்கு உதவாது. நிலத்துப் பறவைக்கு அகலமும் பிளவும். கடலில் அலைக்கு மேல் வீசும் காற்றின் வேக வித்தியாசத்தைப் பயன்படுத்தும் ஆல்பட்ராஸுக்கு நீளமும் ஒடுக்கமும். கூழைக்கடா, நாரை, பாறு ஆகியவற்றின் மார்புத் தசையில், அதிகம் களைப்படையாமல் இறுக்கிப் பிடித்தே இருக்கும் தனி அடுக்கு ஒன்றும் உண்டு.

இனி எதிர்வாதம். வரித்தலை வாத்து என்ன ஆயிற்று என்று பறவை பார்ப்பவர்கள் உடனே கேட்பார்கள். திபெத், மங்கோலியப் பக்கமிருந்து இமயத்தைத் தாண்டித் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வரும் அந்த வாத்து மிதப்பதே இல்லை, வழி நெடுகச் சிறகடித்தே வருகிறது. இரண்டு, மூன்று கிலோ எடையுள்ள பறவை அப்படி வர முடியுமென்றால் எழுகாற்றின் தயவு எதற்கு? அந்த வாத்தைக் கருவி கட்டிப் பின்தொடர்ந்த ஆய்வுகளே இதற்கும் பதில் சொல்கின்றன. அது ஒரே உயரத்தில் பறப்பதில்லை. மலையின் ஏற்ற இறக்கத்தை ஒட்டித் தாழ்ந்தும் உயர்ந்தும் போகிறது. உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறைந்து சிறகடிக்கும் செலவு கடுமையாக ஏறுவதால், மேலேயே இருப்பதைவிட இறங்கி ஏறுவது மலிவு. காற்று குளிர்ந்து கனத்திருக்கும் இரவையும் அதிகாலையையும் அது விரும்புகிறது. மெலிந்த காற்றில் உயிர்வளியைப் பிடிக்கத் தனித்தன்மையுள்ள இரத்தமும் பெரிய நுரையீரலும் அதற்கு உண்டு. இத்தனை ஏற்பாடும் இருந்து, கிளம்பும் முன் கொழுப்பையும் சேர்த்துக்கொண்டுதான் அதன் பயணம். நாகாலாந்தில் கூட்டம் கூட்டமாகத் தங்கி அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகும் அமூர் வல்லூறும் பெரும்பாலும் சொந்தச் செலவில் போவதுதான். அதன் எடை 150 கிராம் அளவே. சிறியது சொந்தக் காசில் போகும். பெரியது போக முடியாது என்றே முதலில் போட்ட கணக்கு சொன்னது. இந்த உதாரணங்கள் அதை உறுதிப்படுத்தவே செய்கின்றன.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. இரவல் காற்றில் போகிறவன் நேரத்துக்குக் கட்டுப்பட்டவன். வட்டமிட்டு ஏறும் நேரத்தில் ஓர் அடியும் முன்னேற்றமில்லை; பாதை நேர்க்கோடாக இராது; இரவில் போக முடியாது; ஐப்பசி அடைமழையில் நாள்கணக்கில் கிளையிலேயே உட்கார வேண்டியதுதான். இதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது? சிக்கனம் எதில் என்று பார்க்க வேண்டும். நேரத்தில் இது செலவாளி, உடற்சத்தில் கஞ்சன். பிணம் எங்கே கிடக்கும் என்று தெரியாமல் நாள்கணக்கில் தேடும் பாறுக்குக் கஞ்சத்தனமே உயிர். ஆனால் இந்த ஆட்சேபத்தின் உட்கரு உண்மை: மிதக்கும் பறவை தன் வழியைத் தானே வகுப்பதில்லை, நிலம்தான் வகுத்துக் கொடுக்கிறது. ஐரோப்பாவின் செங்கால் நாரைகள் ஆப்பிரிக்கா போக நடுநிலக்கடலைக் குறுக்கே தாண்டாமல், கிழக்கே பாஸ்பரஸ் வழியாகவோ மேற்கே ஜிப்ரால்டர் வழியாகவோ சுற்றிப் போகின்றன; நீர்மேல் எழுகாற்று போதாது என்பதே காரணம். அந்த வழியில் காற்றைப் படிக்கத் தெரிந்தவை, தெரியாதவை என்ற வேற்றுமையும் உண்டு. ஜெர்மனியில் 27 இளம் நாரைகளைப் பின்தொடர்ந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், எழுகாற்றின் மையத்தைத் தாமே கண்டுபிடித்து முன்னே போனவை குறைவாகச் சிறகடித்தன, ஆப்பிரிக்கா வரை போயின. பின்னால் தொடர்ந்து போனவை அதிகம் சிறகடித்தன, அவற்றில் பல ஐரோப்பாவைத் தாண்டவில்லை. கிளம்பிய முதல் சில நிமிடங்களின் பறப்பைப் பார்த்தே எது எவ்வளவு தூரம் போகும் என்று ஆய்வாளர்களால் ஓரளவு முன்கூட்டிச் சொல்ல முடிந்தது.

இந்த இடத்தில் கொங்கு நாட்டின் நில அமைப்பு பேச்சுக்கு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியே நெருக்கிப் பாய்ந்து உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் வீசுகிறது. ஆடிக் காற்றின் பெருமை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருப்பூர் பின்னலாடைத் தொழில் இந்தக் காற்றில் முதல் போட்டது. தம் ஆலைக்கு வேண்டிய மின்சாரத்துக்காகக் காற்றாலை நிறுத்திய ஏற்றுமதியாளர்கள் பலர். வடமேற்கே, நேர்க்கோட்டில் 100 கிலோமீட்டருக்குள், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் தென்னிந்தியாவில் மிஞ்சியிருக்கும் பாறுகளின் முக்கியமான வாழிடம் இருக்கிறது. பாறுக்கு அது ஒரு நாள் இரைதேடலுக்குள் அடங்கும் தூரம். காற்றாலைக்கு வேண்டியது ஓயாத காற்று. பறவைக்கு வேண்டியது மேலெழும் காற்று. சமவெளியில் இவை பெரும்பாலும் வெவ்வேறு நேரத்தில் கிடைப்பவை: பலத்த காற்று வீசும்போது எழுகாற்றுத் தூண்கள் கலைந்துவிடும். ஆனால் மலைச்சரிவில் மோதிய காற்று மேலே திரும்பும் முகடுகளில் இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆபத்து அங்கேதான்.

கூரிய பார்வைக்குப் பெயர்போன பறவை இவ்வளவு பெரிய இறக்கையில் போய் மோதுமா என்பது பலரும் கேட்பது. பாறுகளின் பார்வைப்புலத்தை அளந்த 2012-ஆம் ஆண்டு ஆய்வு இதைத் தெளிவுபடுத்துகிறது. இரை தேடத் தலையைத் தாழ்த்திப் பறக்கும்போது, அவற்றின் கண்ணுக்கு மேலுள்ள எலும்பு விளிம்பு மறைப்பதால், நேர் முன்னே இருப்பது தெரிவதில்லை. வானத்தில் எதிரே எதுவும் நிற்காது என்ற பல லட்சம் ஆண்டு அனுபவத்தில் உருவான கண் அது. மேற்கு ஆப்பிரிக்காவின் அபிஜான் நகருக்கு மேல் 1973-இல் ஒரு பாறு விமானத்தில் மோதியது. அப்போது உயரம் 11,300 மீட்டர். அவ்வளவு உயரத்தில்கூட எதிரே ஒன்று வரும் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாது.

பாறுகளை அழித்தது காற்றாலை இல்லையே, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்துதானே என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். 1990-களில் தொடங்கி வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போனது அந்த மருந்தால்தான். 2006-இல் கால்நடைக்கு அது தடை செய்யப்பட்டதும் அதனால்தான். ஆனால் ஆண்டுக்கு ஒரே முட்டையிட்டு, குஞ்சு இனப்பெருக்கத்துக்கு வர ஐந்தாறு ஆண்டு எடுக்கும் பறவையில் தென்னிந்தியாவில் மிஞ்சியவை சில நூறு என்னும்போது, சிறிய இழப்பு என்று ஒன்று கிடையாது. அதற்காகக் காற்றாலையை நிறுத்தச் சொல்வதும் பேதைமை; நிலக்கரிப் புகையைவிட அது எவ்வளவோ மேல். ஸ்பெயினின் தென்முனையில் தாரிஃபா என்னும் ஊர், ஜிப்ரால்டரைக் கடக்கும் பறவைகளின் வாசலிலேயே காற்றாலைகளை வைத்திருக்கிறது. அங்கே பாறு நெருங்குவதைப் பார்வையாளர் கண்டால் குறிப்பிட்ட காற்றாலையை மட்டும் சில நிமிடம் நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். பாறுச் சாவு பாதியாகக் குறைந்தது. ஆண்டு மின் உற்பத்தியில் ஏற்பட்ட இழப்பு 0.07 சதவீதம். நார்வேயின் ஸ்மோலாத் தீவில் நான்கு காற்றாலைகளில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு அடித்ததில் பறவைச் சாவு சுமார் 70 சதவீதம் குறைந்ததாக 2020-இல் அறிவித்தார்கள். சோதித்தவை நான்கே என்பதால் அதை இறுதி முடிவாக எடுக்க வேண்டாம். இங்கே சோதித்துப் பார்க்கத் தடையுமில்லை.

நஞ்சராயன் குளத்துக்கு 2022-இல் பறவைகள் சரணாலயம் என்ற தகுதியும், 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடமும் கிடைத்தன. நல்லது. நல்லாறு கொண்டுவரும் நீரில் சாயமும் சாக்கடையும் கலக்காமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஆனால் அறிவிக்கப்பட்ட சரணாலயம் சுமார் 126 ஹெக்டேர் நீரும் கரையும். அங்கே வரும் கூழைக்கடாவும் நாரையும் பயன்படுத்தும் வானம் மாவட்ட எல்லையோடு நிற்பதில்லை. ஆகவே புதிய காற்றாலைக்கும் உயரழுத்த மின்பாதைக்கும் இடம் பார்ப்பவர்கள், காற்றின் வேகத்தை ஓராண்டு அளப்பதுபோல, அந்த ஓராண்டிலேயே எந்தப் பறவை எந்த நேரத்தில் எந்த முகட்டின் மேல் வட்டமிடுகிறது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஹாங்கினிடம் இருந்த பொறுமையும் ஒரு குறிப்பேடும் போதும். கல்லூரி விலங்கியல் மாணவர்களுக்கும் பறவை பார்க்கும் அமைப்புகளுக்கும் இந்த வேலையைக் கொடுக்கலாம். செலவைக் காற்றாலை உரிமையாளர்கள் ஏற்பதே முறை.